ஓசிக் கச்சேரி

1974 ஜூலையில் மன்னார்குடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு நம் விடுதியில் வந்து இறங்கினேன். வீட்டு மணியார்டரில் மெஸ் பில் போகப் பதினைந்து ரூபாய் மிஞ்சினால் பெரிய காரியம். சங்கீதப் பைத்தியமோ தலைக்கேறியிருந்தது. ஆகவே மூன்று வருஷமும் நான் கேட்டதெல்லாம் ஓசிக் கச்சேரிதான். விடுதியில் எனக்குப் பெயரே 'ஓசி'. (பெயர் வைத்த மகானுபாவர் இன்று பேரன் பேத்தி எடுத்தவர்; இந்த மலரை அவரும் புரட்டுவார்.) கம்பெனிக் காலத்தில் அரசாங்கத் தபாலில் குத்திய 'ஓ.சி.எஸ்.' முத்திரையிலிருந்து வந்த சொல் இது என்று வரலாற்று வகுப்பில் நம் பேராசிரியர் சொன்னார். "ஸ்டாம்பு ஒட்டலேன்னா செலவே இல்லேன்னு அர்த்தமாப்பா? யாரோ குடுத்திருக்கான்" என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த 'யாரோ' யார் என்பதை மயிலாப்பூரை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

டிக்கெட் வாங்கிப் பாட்டுக் கேட்கும் வழக்கம் சென்னையில் சபாக்களோடு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிவரை கோயில், கல்யாணப் பந்தல், தனவான் வீட்டுக் கூடம் இவைதான் கச்சேரி மேடைகள். 1927-ல் சென்னைக் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த சங்கீத மாநாட்டின் விளைவாக 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. டிசம்பர் சீசனும் நிலைத்தது. டிக்கெட்டை நான் குறை சொல்ல மாட்டேன். ஜமீன்தாரின் தயவை எதிர்பார்த்து நின்ற வித்வானுக்கு அது ஒரு விடுதலை.

ஆனால் கபாலி கோயில் மாடவீதிகளில் டிக்கெட் கிடையாது. பங்குனிப் பெருவிழா பத்து நாள். எட்டாம் நாள் அறுபத்துமூவர். சுவாமி புறப்படும்போது மல்லாரி கிளம்பும். பிறகு வீதி நெடுக ராகம்தான். நின்றால் ஒரு ராகம், நகர்ந்தால் இன்னொன்று. பலூன்காரனின் பீப்பீக்கும் நீர்மோர்ப் பந்தல் கூச்சலுக்கும் நடுவில் நான் கேட்ட ஒரு காம்போதி இன்னும் காதை விட்டுப் போகவில்லை. செலவு உபயதாரர்களுடையது, கோயிலுடையது. இன்னொரு செலவு வாசித்தவருடையது. தோளில் தவில் தொங்க, வாயில் சீவாளியோடு மணிக்கணக்கில் நின்று நடந்து வாசித்த உடம்பின் செலவு. பாட்டுக்காரர் உட்கார்ந்து பாடுகிறார், நாதஸ்வரக்காரர் மட்டும் ஏன் நிற்க வேண்டும் என்று சண்டை போட்டவர் டி.என். ராஜரத்தினம் பிள்ளை. 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவு வானொலியில் சுதந்திரத்தை வரவேற்றது அவர் நாதஸ்வரம்தான்.

மார்கழி வந்தால் விடியற்காலையில் பாபநாசம் சிவன் தொடங்கி வைத்த பஜனை. மாடவீதிகளில் பல்லாண்டுகள் பாடிக்கொண்டே நடந்தவர் அவர். நான் சென்னைக்கு வருவதற்கு முந்தின வருஷம் காலமாகிவிட்டார். சிஷ்யர்களும் குடும்பத்தாரும் தொடர்ந்தார்கள். போர்வைக்குள்ளிருந்து எழுந்து போனது எனக்கு மொத்தம் நாலு நாள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வரிப்பணத்தில் நடந்த கச்சேரியும் உண்டு. 1924-ல் ஆர்வலர்கள் தொடங்கிய ரேடியோ கிளப் பணமில்லாமல் 1927-ல் மூடிப்போக, அதன் கருவிகளை வாங்கிக்கொண்ட மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் தானே ஒலிபரப்பியது. வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர் சொற்பம். ஆகவே மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். 1938-ல் அகில இந்திய வானொலி நிலையம் வரும்வரை இது நடந்தது. விடுதிக்கு எதிரே வெற்றிலைக் கடை வைத்திருந்த பெரியவர் சிறுவனாகக் கடற்கரை மணலில் அதைக் கேட்டவர். "பாதிப் பாட்டு அலை சத்தத்துல போயிரும் தம்பி. ஆனா எழுந்து போடான்னு ஒருத்தனும் சொல்லல" என்பார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. கோயிலுக்குள் எல்லாரும் போகலாம் என்று இந்த மாகாணத்தில் பொதுவாகச் சட்டம் வந்ததே 1947-ல்தான். நவராத்திரி மண்டபத்துக் கச்சேரி இலவசம்தான், வாசலைத் தாண்ட முடிந்தவனுக்கு!

சட்டம் வந்த பிறகும் வாசல்கள் இருந்தன. என் பெஞ்சுத் தோழன் நொச்சிக்குப்பத்திலிருந்து நடந்தே கல்லூரிக்கு வருவான். 1975 டிசம்பரில் ஒரு சபாவின் மத்தியானக் கச்சேரிக்கு அவனை இழுத்துக்கொண்டு போனேன். இளம் வித்வான்கள் பாடும் நேரம், யாரும் போகலாம். பேட்ஜ் குத்திய தொண்டர் ஒருவர் என்னை விட்டுவிட்டு அவனை மட்டும் நிறுத்தி, "யாரைப் பார்க்கணும்?" என்றார். அவன் சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டான். "உனக்குத்தான்டா ஓசி" என்றான். நான் உள்ளே போய்க் கச்சேரி கேட்டேன். ஆமாம், கேட்டேன்.

அடுத்த ஆடியில் அவன் கூப்பிட்டான்: "நம்ம அம்மன் கோயில்ல கூழு ஊத்தறாங்கோ, வா மச்சி. விடிய விடிய கூத்து. உன்ன இன்னான்னு யாரும் கேக்க மாட்டாங்கோ." பரீட்சை என்று பொய் சொன்னேன். மயிலாப்பூரில் எந்த மூலையில் சுருதிப் பெட்டி கேட்டாலும் ஓடிய நான், இருபது நிமிஷ நடையில் இருந்த ஒரு கூத்துக்குப் போகவில்லை. அது சங்கீதம் இல்லை என்று எனக்குள் எண்ணம், வேறென்ன?

பிறகு வங்கி வேலை, ஊர் ஊராக மாற்றல். திரும்பி வந்தபோது மயிலாப்பூர் மாறியிருந்தது. 2000-க்குப் பிறகு வந்த மயிலாப்பூர் விழாவில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நேரம் மைக் இல்லாமல் சிறுவர்கள் பாடினார்கள். வடக்கு மாடவீதியில் கோலப் போட்டி. செலவு ஒரு நிதி நிறுவனத்துடையது. 2007-ல் சென்னை சங்கமம் வந்தது. கரகம், தப்பாட்டம், தெருக்கூத்து எல்லாம் பூங்காக்களுக்கே வந்தன. சில வருஷம் நடந்து நின்று, 2023 ஜனவரியில் அரசு மீண்டும் தொடங்கியது.

2015-ல் பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கலைஞர்களும் மீனவர்களும் சேர்ந்து ஒரு விழா நடத்தினார்கள். பறையாட்டமும் பரதமும் கர்நாடக சங்கீதமும் அங்கே சேர்ந்தே வந்தன. போனேன். அன்றிரவே பழைய தோழனின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். "இன்னாடா ஓசி, நாப்பது வருசம் கழிச்சா வழி தெரிஞ்சுது?" என்றான்.

அந்த ஆடிக்கு நொச்சிக்குப்பம் போனேன். கூத்து தொடங்கப் பதினொரு மணி ஆயிற்று. கோயில் செலவுக்கு என்று ஐந்நூறு ரூபாயை நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"வூட்டுக்கு வூடு வரி போட்டுத்தான் நடத்தறோம். உன் பங்கையும் நான் குட்த்துட்டேன். குந்து."

(வரலாறு, 1974–77)