பங்கிடப்பட்ட மலை: ஊவாத் தோட்டங்களும் இந்திய–இலங்கை உடன்படிக்கைகளும்

இந்திய–இலங்கை உறவின் வரலாறு பெரும்பாலும் கொழும்பிலும் புதுடில்லியிலும் இருந்தே எழுதப்படுகிறது. பிரதமர்களின் சந்திப்புகளும் கூட்டறிக்கைகளும் அதில் நிறைய உண்டு. அந்த உறவில் கைமாறியது என்ன என்று தேடுகிறவர் பதுளைக்கு வர வேண்டும். பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, தெமோதரை, அப்புத்தளை, ஹல்துமுல்லை என விரியும் தோட்டங்களின் மக்கள் ஒரு நூற்றாண்டாக இரு அரசுகளின் பேசுபொருளாக இருந்து வந்திருக்கிறார்கள். பேசும் தரப்பாக அவர்களை யாரும் அமர்த்தவில்லை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தமிழர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டவழி வந்தவர்கள். இரு நாடுகளின் ஒத்துழைப்பு இவர்கள் வாழ்வில் எப்படி இறங்கியது என்பதைத் தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதுளை அடங்கிய ஊவா தனி மாகாணமானது 1886இல். கோப்பி இலைநோயால் அழிந்து, தேயிலை மலையேறிக்கொண்டிருந்த காலம் அது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். புகையிரதப் பாதை 1894இல் பண்டாரவளையை எட்டியது. பதுளைக்கு வந்து சேர 1924 ஆயிற்று. தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் மன்னாரில் கரையிறங்கிக் காட்டுவழியாக நடந்தே மலைக்கு வந்தார்கள். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவை இரு நாட்டு இருப்புப் பாதைகளையும் இணைத்தபின், மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை முடித்து, ஆள்சேர்க்கும் கங்காணியின் பின்னால், கோச்சி என்று அவர்கள் அழைத்த புகையிரதத்தில் ஏறினார்கள். கங்காணி கொடுத்த முன்பணம் கடனாகக் கூடவே வந்தது. தொழிலாளியின் கடன் தொகையைத் ‘துண்டில்’ எழுதி, அதைக் கட்டுகிற தோட்டத்துக்கு ஆளைக் கைமாற்றும் முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

அதை அடுத்து வந்த சில ஆண்டுகளில்தான் இரு நிர்வாகங்களுக்கும் இடையே முறையான தொடர்பு உருவானது. 1922இல் இந்தியக் குடியகல்வுச் சட்டம் வந்தது. 1923இல் இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியில் அமர்ந்து தோட்டங்களைப் பார்வையிடத் தொடங்கினார். 1927இல் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி சட்டமாயிற்று. இரண்டு நாடுகளும் அன்று பிரித்தானியாவின் கீழ் இருந்தும், தொழிலாளிக்காகக் கேள்வி கேட்க ஓர் அலுவலகம் இருந்தது. பின்னாளில் சுதந்திர அரசுகள் செய்த பலவற்றோடு ஒப்பிட்டால் இந்த ஏற்பாடு மேலானது என்றே சொல்ல வேண்டும்.

1939இல் நிலைமை முறுகியது. இலங்கை அரசாங்கத் திணைக்களங்களில் இந்தியத் தினக்கூலிகளை நீக்கும் முடிவு எழுந்தபோது நேரு ஜூலையில் கொழும்புக்கு வந்தார். அந்த வருகையின்போது இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. ஓகஸ்ட் 1ஆம் திகதி முதல் இந்தியா தன் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடுத்தது. ஆகவே சுதந்திரத்தின்போது ஊவாவின் லயங்களில், அதாவது தோட்ட வரிசை வீடுகளில், இருந்தோரில் பெரும்பாலோர் நெடுங்காலமாக அங்கே வாழ்ந்தவர்கள் அல்லது அங்கேயே பிறந்தவர்கள். இருந்தும் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன், அல்லது பாட்டனும் பூட்டனும், இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. தோட்டத்துப் பிறப்புகள் பல முறையாகப் பதியப்படாத காலத்தைப் பற்றி எழுப்பப்பட்ட கேள்வி அது. 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. அதே ஆண்டுத் திருத்தத்தால் வாக்குரிமையும் பறிபோனது.

இவர்கள் இலங்கையின் மக்கள் என்பது நேருவின் நிலைப்பாடு. இந்தியாவின் மக்கள் என்பது கொழும்பின் நிலைப்பாடு. 1954இன் நேரு–கொத்தலாவல உடன்படிக்கையும் இந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. 1962இல் சீனப் போர் வந்தபின், அண்டை நாடுகளோடு இருந்த பிணக்குகளைத் தீர்த்துக்கொள்ளும் அவசரம் புதுடில்லிக்கு ஏற்பட்டது. 1964 மே மாதம் நேரு மறைந்தார். அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையொப்பமிட்டார்கள். நாடற்றோர் 975,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000. மீதி 150,000 பேரை 1974 ஜனவரியில் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்தார்கள்.

1964 ஒப்பந்தத்தின் ஷரத்துகளை நிதானமாகப் படிக்க வேண்டும். பதினைந்து ஆண்டுகளில் வேலை முடிய வேண்டும். இந்தியாவுக்கு ஏழு பேர் போனால் இலங்கையில் நான்கு பேருக்குப் பிரஜாவுரிமை என்ற விகிதம் 525,000, 300,000 என்ற எண்களிலிருந்தே பிறந்தது. போகிறவர்கள் புறப்படும்வரை, மிஞ்சினால் 55 வயதுவரை, இங்கே தொழில் செய்யலாம். சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் எடுத்துச் செல்லலாம். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய சொத்தின் உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படக்கூடாது. பணத்துக்கும் வயதுக்கும் இவ்வளவு கவனமாக வாசகம் எழுதியவர்கள், போக விரும்பாதவரின் நிலை என்ன என்பதற்கு ஒரு வரி எழுதவில்லை. ஆட்களின் எண்ணிக்கை முதலில் முடிவாயிற்று. ஆட்களைக் கேட்பது பிறகு.

கேட்டபோது வந்த பதிலும் பதிவாகியிருக்கிறது. 1968 முதல் 1970 ஏப்ரல் வரை விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டன. இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டவர்கள் ஒதுக்கப்பட்ட 300,000இன் இருமடங்குக்கும் மேல். இந்தியாவைக் கேட்டவர்கள் 525,000ஐ எட்டவில்லை. தோட்ட மக்கள் தங்கள் நாடு எது என்று எண்ணினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பின்னர் பலர் போக ஒப்பியதற்குக் காரணம் பசியும் அச்சமும். 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையானபோது நிர்வாகம் குழம்பியது. 1973–74 உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 1977இன் தமிழர் எதிர்ப்பு வன்முறை எஞ்சியிருந்த தயக்கத்தையும் போக்கியது. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் இருந்த அண்ணன் இந்தியாவுக்கு எழுதியிருப்பார், தம்பி இலங்கைக்கு எழுதியிருப்பார். இந்தியா செல்வதற்கான குடும்ப அட்டை அண்ணனுக்கு முதலில் வரும். தாயை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு அன்றைக்கு அந்தக் காம்பராவில் நடக்கும். பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் தலைமன்னாருக்கு ஆட்களைக் கொண்டுபோன வண்டியை மலையகம் ஒப்பாரிக் கோச்சி என்றது. ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம் ஆகுமுன்பே, 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோயிருந்தது. ஆதலால் கப்பல் அவர்களை இராமேசுவரத்தில் இறக்கியது. மண்டபம் முகாமில், பாட்டன் மருத்துவச் சோதனைக்கு நின்ற அதே மணலில், பேரன் மறுவாழ்வு அட்டைக்காக வரிசையில் நின்றான்.

இயற்கைப் பெருக்கத்தையும் சேர்த்துச் சுமார் 460,000 பேர் இந்த உடன்படிக்கைகளின் கீழ் தமிழகம் சேர்ந்தார்கள். அவர்களுக்காகத் தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவே 1976இல் டான்டீ என்னும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமானது. 1969இல் தாயகம் திரும்பியோருக்கான ரெப்கோ வங்கி வந்தது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி மலைகளில் ஊவாவின் கொழுந்தெடுக்கும் கைகள் மறுபடியும் கூடையைத் தூக்கின. நல்ல முயற்சிதான். ஆனால் அங்கேயும் வீடு வேலையோடு கட்டுண்டது. ஓய்வு பெற்றால் வீட்டை விட வேண்டும். 2022இல் டான்டீயின் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்கத் தமிழக அரசு ஆணையிட்டபோது, தாயகம் திரும்பியோரின் பிள்ளைகள் இன்னொரு முறை இடம்பெயரும் அச்சத்தில் வீதிக்கு வந்தார்கள்.

இரு உடன்படிக்கைகளின் காலமும் 1981இல் முடிவடைந்தது. 1984இல் உள்நாட்டுப் போரினால் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டு கையில் இருந்தும் போகமுடியாமல் இங்கேயே தங்கியவர்களும், அவர்களின் பிள்ளைகளும், 1986, 1988 பிரஜாவுரிமைச் சட்டங்களுக்குப் பின்னரும் நாடற்றோராக எஞ்சினார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்தான் அந்தக் கணக்கை முடித்தது. 1948இலிருந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

வணிக ஒத்துழைப்பில் இந்த மக்கள் இன்னும் மங்கலாகவே தெரிகிறார்கள். 1998 டிசம்பரில் கைச்சாத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில் இலங்கைத் தேயிலைக்கு ஆண்டுக்கு 15 மில்லியன் கிலோ என்ற வரம்புக்குள் தீர்வைச் சலுகை கிடைத்தது. இந்தியாவும் தேயிலை நாடு என்பதால் வந்த வரம்பு. ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் ஊவாக் கொழுந்துக்குத் தனி மணம் ஏறும். உலகச் சந்தையில் அதற்கென்று தனி விலை உண்டு. அந்தக் கொழுந்தைப் பறிப்பவரின் நாட்கூலிக்கும் இந்த உடன்படிக்கைக்கும் எந்த ஷரத்தும் பாலம் போடவில்லை.

நேரடி உதவியின் கதை இதைவிட ஆறுதலானது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளின் கல்விக்கான அறக்கட்டளை ஒன்று இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் பொறுப்பில் 1947 முதல் புலமைப்பரிசில் வழங்கி வருகிறது. 2012இன் இந்திய வீடமைப்பு உடன்பாட்டில் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2014 ஒக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, வீட்டுப் பிரச்சினை உயிர்ப் பிரச்சினை என்பது நாடு முழுவதற்கும் தெரிந்தது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2022 பொருளாதார நெருக்கடியில் தமிழக மக்களின் பெயரில் 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் வந்தன. 2025 ஒக்டோபரில், 10,000 வீட்டுத் திட்டத்தின் பயனாளிகளுக்கு வீட்டுரிமை ஆவணங்கள் பண்டாரவளையில் வைத்துக் கையளிக்கப்பட்டன.

ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்பது வெளியாருக்குச் சிறிதாகத் தோன்றலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தெழுந்த குடும்பத்துக்கு, தோட்ட நிர்வாகத்திடம் கேட்காமல் ஒரு கத்தரிச் செடி நட இடம் கிடைப்பதன் பொருள் வேறு. அதோடு, பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் செலவழிக்க வழிசெய்யும் திருத்தம் 2018இல்தான் வந்தது. அயல்நாட்டின் உதவி லயத்து வாசலுக்கு வந்து பல ஆண்டுகள் கழிந்தபிறகே சொந்த நாட்டின் உள்ளூராட்சி அந்த வாசலைச் சட்டப்படி மிதித்தது.

செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. தோட்டங்களின் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேடுகள், பிரஜாவுரிமை விண்ணப்பக் கோவைகள், தலைமன்னார், மண்டபம் பயணப் பதிவேடுகள் ஆகியவை இரு நாடுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. பிரிந்த அண்ணன் தம்பி குடும்பங்கள் ஒருவரையொருவர் தேடுவதற்கு அவையே ஆதாரம். 2023இல் நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலை ஓடச்செய்த அரசுகளுக்கு இந்த ஏடுகளைக் கூட்டாகத் தொகுத்து எண்மப்படுத்துவது பெரிய செலவல்ல. அந்தப் பணியை ஏற்க ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே இருக்கிறது. இரு நாடுகளின் அடுத்த கூட்டு ஆணைக்குழுக் கூட்டத்தில் இது ஒரு விடயமாக எடுக்கப்பட வேண்டும். அந்த மேசையில் ஊவாத் தோட்டங்களிலிருந்து ஒருவர் அமர வேண்டும்.