மகிழுந்தை ஏற்றிய தொடர்வண்டி



எங்கள் பள்ளியின் வரலாற்றுக் கழகக் கண்காட்சிக்காக ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் அறுவருடன் அமர்ந்து ஒரு மாதிரியுருவைச் செய்தேன். ‘போக்குவரத்து அன்றும் இன்றும்’ என்பது கண்காட்சியின் தலைப்பு. பிற குழுக்கள் மாட்டுவண்டியையும் பாய்மரக் கப்பலையும் எடுத்துக்கொண்டன. எங்கள் குழுவுக்கு நான் பரிந்துரைத்தது, ஆலையிலிருந்து வெளிவரும் புதிய மகிழுந்துகளை ஏற்றிச் செல்லும் தொடர்வண்டிப் பெட்டி. ஆசிரியர் கல்விக் கழகத்தில் பயின்ற காலத்திலேயே அட்டையில் தொடர்வண்டிகள் செய்வது என் பொழுதுபோக்கு. அந்த ஆசையும் இதில் கலந்திருந்ததை மறைக்க விரும்பவில்லை.

“ஐயா, தொடர்வண்டியின் கதவு சிறியதாயிற்றே! மகிழுந்து எப்படி உள்ளே போகும்?” என்று ஒரு மாணவி முதல் நாளே கேட்டாள். நல்ல கேள்வி. இப்பெட்டிகளின் வரலாறு முழுவதும் அவற்றின் கதவில்தான் இருக்கிறது.

முதலில் நம் ஜொகூரைப் பார்ப்போம். கேமாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இருப்புப்பாதை 1909இல் நிறைவுற்றது. காட்டை அழித்து மண்ணைக் கொட்டித் தண்டவாளம் பதித்தவர்களிலும், பின்னர் அதைப் பராமரித்தவர்களிலும் தென்னிந்தியத் தொழிலாளர் பலர். பாதை வந்து சேர்ந்தாலும் நீரிணை குறுக்கே நின்றது. எனவே சரக்குப் பெட்டிகளை அப்படியே தட்டைப் படகுகளில் ஏற்றி அக்கரைக்கு அனுப்பினர். சரக்கை ஏற்றிச் செல்ல வேண்டிய பெட்டி, தானே சரக்காகிப் போன காலம் அது. கடற்பாலம் எழுந்த பின்னரே அத்தொல்லை தீர்ந்தது. 1923 செப்டம்பரில் சரக்குத் தொடர்வண்டிகளும் அடுத்த மாதத்தில் பயணிகள் வண்டிகளும் அதன்மீது ஓடத் தொடங்கின. 1924 சூன் 28ஆம் நாள் பாலம் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது.

அப்பாலத்தின் அமைப்பை மாணவர்களுக்குப் படத்தில் காட்டினேன். ஒருபுறம் தண்டவாளம், அதன் பக்கத்திலேயே சாலை. தொடர்வண்டிக்கு வழி திறந்த அதே பாலம், அதன் போட்டியாளரான மோட்டார் வண்டிக்கும் வழி திறந்தது. இரண்டே ஆண்டுகளில், அதாவது 1926இல், ஃபோர்டு நிறுவனம் மலாயாவுக்கான தன் கிளையைச் சிங்கப்பூரில் நிறுவியது. 1941 அக்டோபரில் புக்கிட் தீமாவில் அதன் புதிய ஆலை உருவானது. தென்கிழக்காசியாவின் முதல் மகிழுந்து ஒருங்கிணைப்பு ஆலை என்று அது போற்றப்படுகிறது. மலாயாவுக்குச் செல்லும் இருப்புப்பாதை அதன் அருகிலேயே ஓடியது. ஆனால் நான்கே மாதங்களில், 1942 பிப்ரவரி 15ஆம் நாள், அவ்வாலையின் அறையொன்றில்தான் ஆங்கிலேயத் தளபதி பெர்சிவல் சப்பானியத் தளபதி யமாசித்தாவிடம் சரணடைந்து கையொப்பமிட்டார். போருக்குப் பின் மீண்டும் இயங்கிய ஆலை 1980இல் மூடப்பட்டது. இன்று அது ஓர் அருங்காட்சியகம். அருகே ஓடிய தண்டவாளமும் 2011க்குப் பின் அகற்றப்பட்டு, மக்கள் நடந்து செல்லும் பசுமைப் பாதையாகிவிட்டது.

இனி, மாணவியின் கேள்விக்கு வருவோம். மகிழுந்தைத் தொடர்வண்டியில் ஏற்றும் கலையைப் பெரிய அளவில் வளர்த்தவர்கள் அமெரிக்கர்கள். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் அவர்கள் மூடிய சரக்குப் பெட்டிகளையே பயன்படுத்தினர். மூட்டைகளுக்கான கதவு ஏறத்தாழ ஆறடி அகலமே இருந்தது. அதன் வழியாக மகிழுந்தை நுழைத்துத் திருப்புவது ஊசித் துளையில் கயிற்றை நுழைப்பது போன்ற வேலை. ஆகவே பக்கவாட்டில் ஒன்றுக்கு இரண்டாகக் கதவுகளை வைத்தனர். சில பெட்டிகளுக்கு முன்புறச் சுவரையே கதவாக்கினர்.

அடுத்து எழுந்தது இடப் பிரச்சினை. நாற்பதடிப் பெட்டியின் தரையில் மகிழுந்துகளை வரிசையாக நிறுத்தினால் மேலே பாதி இடம் வெறும் காற்றுக்கே போய்விடும். 1930களில் டெட்ராய்ட் நகரின் எவன்சு நிறுவனம் இதற்கு ஒரு கருவியைக் கொண்டுவந்தது. அது இரும்புச் சட்டத்தில் ஒரு மகிழுந்தைப் பொருத்திச் சாய்வாகக் கூரையை நோக்கித் தூக்கிவிடும். அதன் கீழே இன்னொன்று நுழையும். இவ்வாறு ஒரு பெட்டியில் நான்கு மகிழுந்துகள் அடங்கின. இக்கருவி உள்ள பெட்டிகளின் கதவில் அடையாளமாக வெள்ளைக் கோடு ஒன்று தீட்டப்பட்டிருக்கும். இன்றும் அப்பெட்டிகளுக்கு மாதிரியுரு செய்வோர் அந்தக் கோட்டை மறப்பதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பதைச் சொல்வது அதுதான்.

இவ்வளவு செய்தும் 1950களில் தொடர்வண்டி தோற்றது. பெட்டிக்குள் ஒவ்வொன்றாக ஏற்றி, தூக்கி, சங்கிலியால் கட்டி, பின்னர் அதே முறையில் இறக்குவதற்கு நெடுநேரம் பிடித்தது. லாரியோ ஆலை வாசலில் ஏற்றி விற்பனைக் கடை வாசலிலேயே இறக்கியது. புதிய மகிழுந்துகளில் பெரும்பகுதி சாலைக்குப் போய்விட்டது.

தோற்ற பிறகுதான் இருப்புப்பாதையினர் கதவைப் பற்றிய சிந்தனையையே மாற்றினர். 1960ஆம் ஆண்டளவில் கதவும் இல்லை, சுவரும் இல்லை, கூரையும் இல்லை என்ற நிலை வந்தது. ஏறத்தாழ 89 அடி நீளத் தட்டை வண்டியில் மூன்றடுக்குச் சட்டம் எழுப்பி, ஒரு முனையில் சாய்தளம் வைத்து, மகிழுந்துகளை வரிசையாக ஓட்டியே ஏற்றினர். ஒரு வண்டியில் பதினைந்து வரை நின்றன. இழந்த சரக்கில் பெரும்பங்கு திரும்பி வந்தது. ஆனால் திறந்த வண்டி என்பதால் வழியில் சிறுவர்கள் எறிந்த கல்லும் திருடர்களின் கையும் புதிய வண்டிகள்மீது பட்டன. அதனால் 1970களில் பக்கங்களைத் தகட்டால் மூடினர். பிறகு கூரையும் வந்தது. சுற்றிச் சுற்றி மீண்டும் மூடிய பெட்டிக்கே வந்து சேர்ந்தார்கள்.

இடையில் ஒரு விந்தையும் நடந்தது. 1970இல் வெளிவந்த செவ்ரோலெ வேகா என்னும் சிறிய மகிழுந்துக்காகத் தனிப் பெட்டி ஒன்றை உருவாக்கினர். அதன் பக்கச் சுவர்கள் பலகைகளாகக் கீழ்நோக்கித் திறக்கும். ஒவ்வொரு பலகையிலும் ஒரு மகிழுந்தை ஏற்றிக் கட்டிப் பலகையை மூடினால், மகிழுந்து மூக்குக் கீழே இருக்கச் செங்குத்தாக நிற்கும். இப்படி ஒரே பெட்டியில் முப்பது! எண்ணெய் ஒழுகாதபடி இயந்திரத்தின் எண்ணெய்த் தொட்டியில் தடுப்பு வைத்தனர். பயணத்திற்காகவே பொருளின் வடிவத்தை மாற்றிய இக்கதையைச் சொன்னபோது மாணவர்கள் கைதட்டினர். ஆயினும் வேகா மறைந்ததும் அப்பெட்டியும் மறைந்தது. ஒரே பொருளுக்காகப் பிறந்தது அப்பொருளோடே முடிந்தது.

எங்கள் மாதிரியுருவுக்கு நான் தேர்ந்தெடுத்தது அமெரிக்கப் பெட்டியை அன்று, இந்தியப் பெட்டியை. அதன் பிறப்பு தமிழ்நாட்டோடு தொடர்புடையது. சென்னைப் பெரம்பூரில் 1955 அக்டோபர் 2ஆம் நாள் திறந்துவைக்கப்பட்ட இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, பல்லாயிரம் பயணிகள் பெட்டிகளைச் செய்தது. அவ்வகைப் பெட்டியின் ஆயுள் 25 ஆண்டு என்பது பொதுக் கணக்கு. ஆயுள் முடிந்தவற்றுள் நல்ல நிலையில் உள்ளவற்றை இரயில்வே பணிமனைகள் மகிழுந்துப் பெட்டிகளாக மாற்றுகின்றன. இருக்கைகள், படுக்கைகள், கழிப்பறைகள் அனைத்தையும் அகற்றுவர். சன்னல்களையும் பக்கவாசல்களையும் தகட்டால் மூடுவர். முன்சுவரையும் பின்சுவரையும் கதவாக்குவர். இரு பெட்டிகளுக்கு இடையே பாலத்தகடு விரித்தால், கடைசிப் பெட்டியில் ஏறும் மகிழுந்து வண்டித்தொடர் முழுவதையும் உள்ளேயே ஓடிக் கடந்து முதற்பெட்டியை அடையலாம். காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள வாலாஜாபாத் நிலையத்தில் புதிய மகிழுந்துகள் இவ்வாறு ஏற்றப்படுகின்றன. மகிழுந்துக்கென்றே வடிவமைத்த ஈரடுக்குப் பெட்டிகளும் இப்போது அங்கே ஓடுகின்றன. மாருதி சுசூக்கி நிறுவனம் 2013இல் சொந்தமாகச் சரக்குத் தொடர்வண்டி இயக்கும் உரிமத்தையே பெற்றது.

இப்பெட்டியைச் செய்வது எளிது என்பதும் என் தேர்வுக்கு ஒரு காரணம். பணிமனை பெரிதாகச் செய்ததை நாங்கள் சிறிதாகச் செய்தால் போதும். நூற்றில் ஒரு பங்கு அளவை எடுத்துக்கொண்டோம். ஒரு மீட்டர் ஒரு செண்டிமீட்டர் ஆகும். ஐந்தாம் ஆண்டு மாணவருக்கு அந்தக் கணக்கு வசப்படும். பெட்டியின் நீளம் 21.3 மீட்டர், அகலம் 3.2 மீட்டர். எனவே மணிலா அட்டையில் 21.3 செ.மீ., 3.2 செ.மீ. வெட்டினோம். தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் நம் நாட்டில் ஒரு மீட்டர். இந்திய அகலப்பாதையில் 1.676 மீட்டர். இரண்டையும் தாளில் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, “நம்முடையது தம்பி மாதிரி இருக்கிறது ஐயா” என்றான் ஒருவன்.

பிறகு களிமண்ணில் நான்கு செ.மீ. நீள மகிழுந்துகளைச் செய்தோம். எத்தனை அடங்கும்? ஐந்து வைத்தால் 20 செ.மீ. மீதி 1.3 செ.மீ. அதை முன்னும் பின்னும் நடுவிலுமாக ஆறு இடைவெளிகளாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம். மெய்யான பெட்டியில் அது ஒரு சாண் அளவே. ஓட்டுநரின் திறமை எத்தகையது என்பதை அந்த இரண்டு மில்லிமீட்டர் எனக்கே கற்பித்தது.

முதலில் சன்னல்களை வெட்டித் திறந்து, பிறகு அவற்றின்மேல் அட்டைத் துண்டுகளை ஒட்டி மூடச் சொன்னேன். “மூடப் போவதை ஏன் ஐயா திறக்க வேண்டும்?” என்றனர். “ஒரு காலத்தில் அங்கே ஒரு முகம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது, அதன் சுவடு தெரிய வேண்டும்” என்றேன்.

பணி முடியும் தறுவாயில், அதுவரை அதிகம் பேசாத மாணவன் ஒருவன் கேட்டான். “ஐயா, எல்லா மகிழுந்தும் தொடர்வண்டியில் போனால் என் அப்பா என்ன செய்வார்?” அவன் தந்தை மகிழுந்துகளை ஏற்றிச் செல்லும் டிரெய்லர் லாரி ஓட்டுநர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் ஓட்டிப் பகலில் உறங்குபவர். தொடர்வண்டி ஒன்றுக்கு எத்தனை லாரிகள் சாலையிலிருந்து குறையும், எவ்வளவு புகை குறையும் என்று நான் உற்சாகமாகக் கரும்பலகையில் எழுதியிருந்தேன். குறைந்துபோகும் அந்த லாரிகளுள் ஒன்றில் இவனுடைய தந்தை அமர்ந்திருக்கிறார் என்று எண்ணிப் பார்க்கவில்லை. எனக்கு உடனே விடை வரவில்லை. “அப்பாவைக் கண்காட்சிக்கு அழைத்து வா” என்று மட்டும் சொன்னேன்.

அவர் வந்தார். எங்கள் பெட்டியின் முன் குனிந்து, முன்கதவைத் திறந்து, உள்ளே வெகுநேரம் பார்த்தார்.

“சார், வேலை சுத்தமா இருக்கு. ஆனா ஒன்னு விட்டுட்டீங்க. சக்கரத்துக்குக் கட்டை எங்கே? வார் போட்டு இறுக்கலையே? இப்படியே போனா முதல் பிரேக்குலயே ஒன்னோட ஒன்னு முட்டிக்கும்” என்றார்.

“உண்மைதான் அண்ணே, மறந்தே போனேன்” என்றேன். அமெரிக்கர் சங்கிலியால் கட்டிய கதையை எழுதியவனே தன் பெட்டியில் கட்ட மறந்தேன்! அவர் அங்கேயே தரையில் அமர்ந்தார். ஐஸ்கிரீம் குச்சியை நறுக்கிச் சிறு கட்டைகள் செய்தார். எந்தச் சக்கரத்திற்கு முன்னே, எதற்குப் பின்னே, எவ்வளவு இறுக்கம், எதனால் அதிகம் இறுக்கக்கூடாது என்று மகனுக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். பையன் பசைக் குப்பியைப் பிடித்துக்கொண்டு தந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று அந்த மேசையில் ஆசிரியர் அவர்தான்.

பையனின் கேள்விக்கு என்னிடம் இன்னும் முழு விடை இல்லை. வரலாறு காட்டுவது இதுவே: சரக்கு தண்டவாளத்திலிருந்து சாலைக்குப் போயிருக்கிறது, சாலையிலிருந்து தண்டவாளத்திற்கும் திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருடைய வேலை மாறியிருக்கிறது. 2025 டிசம்பரில் மின்தொடர்வண்டிச் சேவை ஜொகூர் பாரு வரை வந்துவிட்டது. நாளை இப்பாதையில் என்னென்ன ஏறுமோ! எது ஏறினாலும், அதைச் சேதமின்றிக் கட்டத் தெரிந்த கை வேண்டும். அக்கையின் பெயர் எந்தப் பெட்டியின் கதவிலும் எழுதப்படுவதில்லை. தண்டவாளம் பதித்த நம் முன்னோரின் பெயரும் எழுதப்படவில்லை.

எங்கள் பெட்டி இப்போது பள்ளி நூலகத்தின் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அதன் கதவில் மாணவர்கள் தாமாகவே ஒரு வெள்ளைக் கோடு தீட்டியிருக்கிறார்கள். இந்தியப் பெட்டிக்கு அது பொருந்தாது என்று எனக்குத் தெரியும். திருத்த மனம் வரவில்லை.