அரசன் கைக்கு எட்டாதவை

சீன தேசத்தின் வடமேற்கில், வெய் நதிக்குத் தெற்கே விரிந்த சமவெளியில், இன்று சியான் என்று வழங்கும் நகரத்தின் அடியிலே, ஒரு காலத்தில் உலகத்தின் மிகப் பெரிய ராஜதானியாக விளங்கிய சாங்கான் புதைந்து கிடக்கிறது. சூயி வம்சத்து முதற் சக்கரவர்த்தி 582-ஆம் ஆண்டில் நிர்மாணிக்கத் தொடங்கி, பின்வந்த தாங் வம்சத்தார் பூர்த்தி செய்த அந்நகரம், ஏறத்தாழ 84 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணத்தில், மதில் சூழ்ந்த நூற்றுக்கு மேற்பட்ட பேட்டைகளாகச் சதுரங்கப் பலகைபோல் வகுக்கப்பட்டிருந்தது. மாலை முரசு முழங்கி ஓய்ந்தால் பேட்டைக் கதவுகள் அடைபடும், பிறகு வீதியில் நடமாடுவது குற்றம். இத்தனை வைபவத்தோடு இருந்த நகரின் அரண்மனைகளுள் ஒன்றேனும் இன்று நிற்கவில்லை. மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் மதத்தைச் சார்ந்தவை. அவற்றிலும் அரசர்களின் பார்வையிலிருந்து எப்படியோ தப்பியவையே அதிகம்.

தாங் வம்சத்துத் தைசுங் சக்கரவர்த்தியின் காலத்தில், எல்லை கடக்கலாகாதென்ற ஆக்ஞையை மீறி ரகசியமாகப் புறப்பட்டுச் சென்ற யுவான் சுவாங் என்னும் பிக்ஷு, நாலந்தாவில் பயின்று, தெற்கே நம் காஞ்சிபுரம் வரை வந்து, 645-இல் 657 நூல்களைக் குதிரைகளின்மேல் ஏற்றிக்கொண்டு திரும்பியபோது, அதே சக்கரவர்த்தி அவரைக் குற்றவாளியாகக் கருதாமல் கொண்டாடி வரவேற்று, மொழிபெயர்ப்புப் பணிக்கு வேண்டிய சகாயமெல்லாம் செய்தார். அவர் கொணர்ந்த சுவடிகளைக் காப்பதற்காக 652-இல் எழுந்த பெரிய காட்டுவாத்துக் கோபுரம், பிற்காலத்தில் திருத்தியமைக்கப்பட்டு, ஏழு நிலைகளோடு இன்றும் நிற்கிறது. யுவான் சுவாங் திரும்புவதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 635-இல், அலோபென் என்ற கிறிஸ்தவத் துறவி மேற்கிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். அவருக்கும் மடம் அமைக்க அனுமதி கிடைத்தது. பாரசீகத்து அக்கினி ஆலயங்களும் மேற்குச் சந்தையை அடுத்த பேட்டைகளில் இருந்தன. இதைச் சமயப் பொறை என்று புகழ்வது வழக்கம். ஆனால் அரசன் அளித்த உரிமை அரசன் பறிக்கக்கூடிய உரிமையுமாகும் என்பதை அந்தக் காலத்து மடாதிபதிகள் நன்றாகவே அறிந்திருப்பார்கள்.

கிறிஸ்தவர்கள் 781-இல் தங்கள் வரலாற்றைக் கல்லில் பொறித்து நாட்டினார்கள். சீன எழுத்தில் நீண்ட சாஸனமும், ஓரங்களில் சிரியாக் லிபியில் குருமார் பெயர்களுமாக ஓங்கி நின்ற அந்தக் கல், பிறகு மண்ணுக்குள் போயிற்று, போனதனாலேயே பிழைத்தது. 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மண்ணைத் தோண்டியவர்கள் கண்டெடுத்த அது, இப்போது சியானின் 'கல்வெட்டு வனம்' என்னும் காட்சிச்சாலையில் இருக்கிறது.

பறிக்கும் காலம் 845-இல் வந்தது. தாவோ மதத்தில் அளவிறந்த பற்றுக்கொண்ட வூசுங் சக்கரவர்த்தி, மடங்களின் செல்வத்தின்மேலும் கண் வைத்து, அந்நிய மதங்கள் அனைத்தையும் ஒடுக்கத் துணிந்தார். நாடெங்கும் 4,600-க்கு மேற்பட்ட பௌத்த மடங்கள் இடிபட்டன; இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட பிக்ஷுக்களும் பிக்ஷுணிகளும் காஷாயம் களைந்து வரி செலுத்தும் குடிகளாயினர். அப்போது நகரில் தங்கியிருந்த ஜப்பானியத் துறவி என்னின் இவற்றைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். எழுதிய அவரும் நாடு கடத்தப்பட்டார். மறு ஆண்டே வூசுங் இறந்துபோக, பௌத்தம் ஓரளவு தலைநிமிர்ந்தது. கிறிஸ்தவமோ சீனத்தில் சில நூற்றாண்டுகளுக்கு மறைந்தே போயிற்று.

ஆயினும் சாங்கானின் சம்பத்தில் ஒரு பகுதி அதற்கு முன்பே கடல் கடந்துவிட்டது. தென்னிந்தியாவிலிருந்து கடல் மார்க்கமாக வந்து எட்டாம் நூற்றாண்டில் தந்திர பௌத்தத்தைப் போதித்த வஜ்ரபோதியிடம் அமோகவஜ்ரரும், அவரிடம் ஹுய்குவோவும், அவரிடம் 805-இல் ஜப்பானியரான கூக்காயும் தீக்ஷை பெற்றனர். கூக்காய் தாயகம் திரும்பிக் கோயா மலையில் நிறுவிய ஷிங்கோன் மரபு இன்றும் அறுபடாமல் நடக்கிறது.

904-இல் சூ வென் என்ற சேனாதிபதி, சக்கரவர்த்தியைக் கிழக்கே லோயாங்குக்குக் குடிபெயரச் செய்தபோது, அரண்மனைகளையும் வீடுகளையும் பிரித்து மரங்களை வெய் நதியில் மிதக்கவிட்டுக் கொண்டுபோனான். மூன்று நூற்றாண்டு ராஜதானி அவ்வாறு ஆற்றோடு போயிற்று.

நகருக்கு மேற்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டரில் உள்ள ஃபாமென் ஆலயத்தை அவன் கை தீண்டவில்லை. புத்தர்பிரானின் விரலெலும்பு என்று போற்றப்பட்ட தாது அங்கே இருந்தது. 819-இல் அதை அரண்மனைக்கு எழுந்தருளச் செய்ததைக் கண்டித்து எழுதிய ஹான் யூ என்ற பண்டிதர், தூரதேசமான சாவ்சோவுக்குத் துரத்தப்பட்டதும் அதனாலேதான். கடைசியாக 873-இல் தாது அரண்மனைக்குச் சென்று, மறு ஆண்டு திரும்பியதும், கோபுரத்தின் அடியறை அடைக்கப்பட்டது. 1981-இல் பெருமழையில் கோபுரத்தின் ஒரு பாதி சரிய, 1987-இல் சீரமைப்பின்போது அவ்வறை வெளிப்பட்டது. விரலெலும்பும், பொன் வெள்ளிப் பாத்திரங்களும், தேநீர்க் கருவிகளும், மேற்றிசைக் கண்ணாடிக் கலங்களும், பட்டும் அங்கே இருந்தன. இவற்றோடு, காணிக்கைகளின் பட்டியல் பொறித்த கல்லொன்றும் கிடைத்தது. கணக்கர் ஒருவரின் சலிப்பூட்டும் வேலை என்று எண்ணத்தக்க அந்தக் கல்லுக்கு ஆராய்ச்சியாளர் பெரிதும் கடமைப்பட்டவர்கள். ஏனெனில், பழைய நூல்களில் பெயரளவில் மட்டுமே கேள்விப்பட்டிருந்த 'ரகசிய வண்ண'ப் பீங்கான் எது என்று, அந்தப் பட்டியலோடு எதிரே இருந்த கலங்களை ஒத்துப் பார்த்த பிறகே அவர்களால் நிச்சயிக்க முடிந்தது.