திருமுழுக்கும் விலைப்பட்டியலும்: ஜார்ஜ்டவுன் தரும் சான்று

கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் பன்மைத்துவத்தையும் எல்லோரையும் உள்ளடக்குவதையும் பற்றிப் பேச்செடுத்தால், மனிதர் யாவரும் கடவுளின் சாயல் என்ற கோட்பாடே அடித்தளமாக முன்வைக்கப்படுகிறது. அது மட்டும் போதாது என்பதற்கு வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக வரலாறே சான்று.

1838இல் மேரிலாந்து இயேசு சபையினர், தங்கள் தோட்டங்களில் அடிமைகளாயிருந்த 272 பேரை 1,15,000 டாலருக்கு லூசியானாவுக்கு விற்க ஒப்பந்தம் செய்தனர். முன்பணத்தில் ஒரு பகுதி, அவர்கள் நடத்திய ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனுக்குப் போனது. குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது, அவர்களது வழிபாடு தடைபடக் கூடாது, பணத்தைக் கடனடைக்கப் பயன்படுத்தக் கூடாது என்று ரோம் நிபந்தனை விதித்திருந்தது. எதுவும் காப்பாற்றப்படவில்லை. ஆனால் நிபந்தனைகளைவிட அவற்றின் உட்கருத்தே என்னை உறுத்துகிறது: ஆன்மாவுக்கு அக்கறை, ஆளுக்கு விலை. விற்கப்பட்டவர்களில் பலர் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர்கள். ஒப்பந்தப் பட்டியலில் முதலில் உள்ள பெயர் ஐசக், வயது 65. திருச்சபை அவர்களை ஏற்கெனவே ‘உள்ளடக்கி’யிருந்தது; விற்பதற்கு அது தடையாகவில்லை.

விற்பனையை நடத்திய தாமஸ் மல்லெடியின் பெயரை முன்பு தாங்கியிருந்த கட்டடத்துக்கு 2017இல் அந்த ஐசக்கின் பெயர், ஐசக் ஹாக்கின்ஸ் என்று, சூட்டப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே, விற்கப்பட்டோரின் வழித்தோன்றல்களுக்கு, முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்குரிய சேர்க்கை முன்னுரிமை அறிவிக்கப்பட்டது. நல்ல முடிவுதான். ஆனால் வசதி படைத்த குடும்பங்களுக்காக நிலைத்துவந்த ஒரு சலுகையில் இவர்களுக்கும் இடம் ஒதுக்கியதே தவிர, அந்தச் சலுகையை அது கேள்விக்குள்ளாக்கவில்லை. கல்லூரி வாசலை எட்டாத வழித்தோன்றல்களுக்கு அதனால் ஆவதொன்றுமில்லை.

2019 ஏப்ரலில் இளநிலை மாணவர்கள் வாக்கெடுப்பு நடத்தினர். வழித்தோன்றல்களின் நலனுக்காகப் பருவத்துக்கு 27.20 டாலர் கட்டணம் செலுத்த, வாக்களித்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சம்மதித்தனர். நிறுவனத்தின் பழியை மாணவர் ஏன் சுமக்க வேண்டும் என்று எதிர்த்தவர்களின் வாதத்திலும் நியாயம் உண்டு. அதற்குரிய விடை, நிறுவனமே தன் வரவுசெலவுத் திட்டத்தில் அதை ஏற்பது. பல்கலைக்கழகமோ கட்டணத்தைக் கைவிட்டு, ஆண்டுக்கு 4 லட்சம் டாலரை நன்கொடையாகத் திரட்டப்போவதாக அறிவித்தது. கட்டணம் கடனை ஒப்புக்கொள்வது. நன்கொடை கொடுப்பவர் மனம்போல.

2025 மார்ச்சில் வாஷிங்டனின் இடைக்கால அரசு வழக்கறிஞர், பன்மைத்துவக் கொள்கைகளைக் கற்பிக்கும் சட்டப் பள்ளிகளின் மாணவர்களுக்கு வேலை தரமாட்டோம் என்று மிரட்டினார். ஜார்ஜ்டவுன் சட்டப் பள்ளியின் அப்போதைய தலைவர் வில்லியம் ட்ரெய்னர், அரசியலமைப்பின் முதல் திருத்தத்தையும் இயேசு சபையின் பணிநோக்கத்தையும் முன்வைத்து மறுத்தார். அது துணிவான பதில். ஆனால் 1838இல் விற்றவர்களும் சபையின் பணியைக் காப்பாற்றுவதாகவே நியாயம் சொன்னார்கள். ஆகவே பணிநோக்கத்தைச் சொல்லி அரசை எதிர்ப்பது ஒரு பாதிதான். அதே நோக்கத்தின் பெயரால் பல்கலைக்கழகம் தன் கருவூலத்திலிருந்து எவ்வளவு கொடுக்கத் துணிகிறது என்பது மறுபாதி. அதில் அதன் கணக்கு இன்னும் தீரவில்லை.