விமானியின் ஆசனத்தை நோக்கி: எமிலி ஹவலின் கதை

நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு கேட்கப்பட்டபோது, பாடசாலையின் கட்டடங்களைப் பற்றியும் அதிபர்களைப் பற்றியும் மற்றையோர் எழுதுவார்கள் என்பதால் நாம் வேறொரு வரலாற்றைத் தெரிந்தெடுத்தோம். வகுப்பு நடக்கும்போது விமானச் சத்தம் கேட்டால் யன்னலோரம் ஓடியவர்கள் நாம். "நான் பெரியவளானால்" என்ற தலைப்பில் விமானப் பணிப்பெண் ஆவேன் என்று எழுதியவர்களும் எம்மிடையே உண்டு. விமானியாவேன் என்று எழுதியவர் ஒருவருமில்லை. அப்படி எழுதலாம் என்ற எண்ணமே எமக்கு வரவில்லை.

அமெரிக்காவின் டென்வர் நகரில் 1939இல் பிறந்த எமிலி ஹவலுக்கும் அந்த எண்ணம் முதலில் வரவில்லை. பணிப்பெண் வேலை தனக்குப் பிடிக்குமா என்று அறிவதற்காகவே அவர் கன்னிசன் என்ற மலைநாட்டு ஊருக்கு விமானமேறினார். திரும்பும் வழியில் விமானியின் அறையைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. பெண்களும் விமானம் ஓட்டப் பழகலாமா என்று கேட்டார். பழகலாம் என்று பதில் வந்தது. அப்போது அவர் ஒரு பெரிய கடையில் வேலை செய்து கொண்டிருந்தார். வாரச் சம்பளம் 38 டொலர். 1958இல் தொடங்கிய பறத்தற் பாடங்களுக்கு வாரந்தோறும் 12.75 டொலர் செலவானது. சம்பளத்தில் மூன்றிலொரு பங்கு அங்கேயே போயிற்று.

பின்னர் அந்தப் பயிற்சி நிலையத்திலேயே வரவேற்பாளராகச் சேர்ந்தார். தகுதிகளை ஒவ்வொன்றாகப் பெற்றுப் பயிற்றுநரானார். பிரதான பயிற்றுநராகவும் உயர்ந்தார். 1973 அளவில் ஏறத்தாழ 7000 மணித்தியாலங்கள் பறந்திருந்தார்.

இவருக்கு முன்னர் பெண்கள் முயலாமல் இருக்கவில்லை. 1934இன் இறுதியில் ஹெலன் ரிச்சி என்பவர் சென்ட்ரல் எயார்லைன்ஸில் துணை விமானியானார். விமானிகளின் தொழிற்சங்கம் அவரைச் சேர்க்க மறுத்தது. நல்ல காலநிலையில் மட்டுமே பறக்கலாம் என்ற கட்டுப்பாடும் வந்தது. அடுத்த ஆண்டே அவர் விலகினார். இரண்டாம் உலகப் போரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்கள் இராணுவ விமானங்களை ஓட்டினார்கள். 1944 டிசம்பரில் அந்தப் படைப்பிரிவு கலைக்கப்பட்டது. போர் முடிந்த பின்னர் பெருகிய பயணிகள் விமான சேவைகளில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை.

வேலைவாய்ப்பில் பால் வேறுபாடு காட்டுவதை அமெரிக்கச் சட்டம் 1964இலேயே தடுத்திருந்தது. ஆயினும் 1960களின் பிற்பகுதியிலிருந்து எமிலி அனுப்பிய விண்ணப்பங்கள் பயன் தரவில்லை. அவரிடம் பழகிய ஆண்கள், அவரை விடக் குறைந்த மணித்தியாலங்களுடன், அதே நிறுவனங்களில் வேலை பெற்றுச் சென்றார்கள். தன் மாணவருக்குக் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டு அடுத்த மாணவரின் பாடத்துக்குத் திரும்பும் ஆசிரியையின் மனநிலையை, கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட எம்மிற் பலர் அறிவோம்.

இதில் இன்னொரு இழப்பும் உண்டு. விமான நிறுவனங்களில் எந்த விமானம், எந்த ஆசனம், எந்த ஊர் என்பதையெல்லாம் சேவை மூப்பே தீர்மானிக்கிறது. பிந்திச் சேர்ந்தவர், எவ்வளவு திறமையானவராயினும், முந்திச் சேர்ந்தவருக்குப் பின்னாலேயே நிற்க வேண்டும். ஆகவே, மறுக்கப்பட்ட ஒவ்வோர் ஆண்டும் பின்னர் ஈடுசெய்ய முடியாத ஆண்டாகியது.

எமிலி விடவில்லை. விண்ணப்பத்தைப் புதுப்பித்தார், நேரில் சென்றும் கேட்டார். இறுதியில் புரொன்டியர் எயார்லைன்ஸ் அவரைப் பாவனை விமானத்தில் பரீட்சித்து, 1973 ஜனவரி 29இல் நியமித்தது. பெப்ரவரி 6இல் டென்வரிலிருந்து லாஸ் வேகாஸ் சென்ற போயிங் 737 ஜெற் விமானத்தில் இரண்டாம் அதிகாரியாகப் பறந்தார். அப்போது அவருக்கு வயது 33.

ஐரோப்பாவில் துரி விதரோ என்ற நோர்வேப் பெண் 1969இலேயே ஸ்கன்டினேவிய விமான சேவையில் விமானியாகிவிட்டார். எனினும் அமெரிக்காவில், ஹெலன் ரிச்சிக்குப் பின் நெடுங்காலம் மூடியிருந்த கதவைத் திறந்தவர் எமிலிதான். சில வாரங்களுக்குள் அமெரிக்கன் எயார்லைன்ஸ் பொனி டிபர்சியை நியமித்தது. ரிச்சியை மறுத்த அதே தொழிற்சங்கம் 1974இல் எமிலியை உறுப்பினராக ஏற்றது. 1976இல் அவர் கப்டனானார். அது டுவின் ஒட்டர் எனும் சிறிய விமானத்தில். 1986இல் போயிங் 737 ஒன்றை, பெண் துணை விமானியுடன், கப்டனாகச் செலுத்தினார். அவருடைய சீருடை இன்று வொஷிங்டனில் உள்ள தேசிய வான், விண்வெளி அரும்பொருளகத்தில் இருக்கிறது. 2020 ஜூலையில் அவர் காலமானார்.

எமிலியை நியமிப்பதற்கு முன்னும் பின்னும் அவருடைய திறமை ஒன்றாகவே இருந்தது. மாறியது பிறர் மனமே. அதுவரை தன் தகுதியைக் குறையவிடாமல் காத்தது அவர் செய்த பெருங்காரியம்.

இன்று எமது வகுப்பறைகளில் இருக்கும் பிள்ளைகளே, யன்னலோரம் ஓடி விமானத்தைப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து கட்டுரை எழுதும்போது, நாம் எழுதாமல் விட்ட அந்த வரியையும் எழுதுங்கள். கணிதத்தையும் பௌதிகத்தையும் கைவிடாதீர்கள். ஒரு கடிதத்துக்குப் பதில் வராவிட்டால், இன்னொன்று எழுதுங்கள்.