ஜிலேபி மீன் எப்படி நம்ம ஊரு மீன் ஆச்சு?

இந்த எபிசோடை வண்ணார்பேட்டையில, எங்க வீட்டு மாடி ரூம்ல இருந்து ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி குபுகுபுன்னு ஒரு சத்தம் கேட்டா அது மீன் தொட்டியோட ஏர் பம்ப். அதை எடிட்ல எடுக்கல. இன்னைக்குக் கதையே அந்தத் தொட்டியில இருந்துதான் ஆரம்பிக்குது.

தொட்டியில ஒரு ஜோடி ஆரஞ்சு குரோமைட் இருக்கு. விரல் நீளம்கூட தாண்டாத மஞ்சள் மீன். நாலு மாசம் முன்னாடி ஒரு உடைஞ்ச பூந்தொட்டி ஓட்டுல முட்டை போட்டுச்சு. அம்மாவும் அப்பாவும் ஷிஃப்ட் போட்டு நின்னு, துடுப்பால தண்ணியை விசிறிக்கிட்டே இருந்துச்சுங்க. கெட்டுப்போன முட்டையை வாயால பொறுக்கி எடுத்துச்சுங்க. குஞ்சு பொரிச்சதும் மணல்ல பள்ளம் பறிச்சு, வாயில கவ்விட்டுப் போய் அங்க வச்சுச்சுங்க. ஒரு வாரத்துல குஞ்சுங்க நீந்த ஆரம்பிச்சு, அப்பா அம்மா உடம்பையே கொத்த ஆரம்பிச்சுச்சு. பயந்துட்டேன். அப்புறம்தான் படிச்சேன், இந்த இனத்துல பெத்தவங்க தோல்ல ஊறுற கோழைதான் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. கிட்டத்தட்ட தாய்ப்பால் மாதிரி.

அது மட்டும் போதாதுன்னு ஆர்ட்டீமியா பொரிச்சுப் போட்டேன். உப்புத்தண்ணியில முட்டையைப் போட்டு காத்து விட்டா, ஒரு நாள் ஒன்றரை நாள்ல பொரிஞ்சிடும், தூசி அளவு இறால் குஞ்சு. இந்த ஜீவன் நம்ம தூத்துக்குடி உப்பளத்துலயே இருக்கு, ஆனா நாம டப்பாவுல வாங்குறோம். சரி, குஞ்சுங்க நல்லா வளர்ந்துச்சு. இப்போ சுமார் 150 மீன். மூணடித் தொட்டி. தினமும் தண்ணி மாத்தியும் நாத்தம் போகல.

நண்பன் வந்து பார்த்துட்டு ரொம்ப ஈசியா ஒரு வழி சொன்னான். "எதுக்குலே கஷ்டப்படுத? ஆத்துப்பாலத்துக்குக் கீழ கொண்டுபோய் விட்ருலே. அதுவும் நம்ம நாட்டு மீன்தான?"

நிஜமாவே வாளியை எடுத்துட்டேன். அப்போ ஆச்சி ஞாபகம் வந்துச்சு.

ஸ்கூல் படிக்கும்போது நாங்க பாளையங்கால்வாய்ல துண்டு போட்டு மீன் பிடிப்போம். ஒருநாள் ஒரு ஜிலேபியைப் பிடிச்சு வாளியில போட்டேன். அது வாயைத் திறந்துச்சு, உள்ளே இருந்து குட்டிக் குட்டி மீன்கள் சிதறி வந்துச்சு. பிள்ளைகளை வாயில வச்சுக் காப்பாத்துற மீன்! ஓடிப்போய் ஆச்சிகிட்ட காட்டினேன். ஆச்சி எட்டிப் பார்த்துட்டு, "நான் சின்னப்பிள்ளையா இருக்கும்போது இந்த மீனே கிடையாதுலே"ன்னு சொன்னா. அப்போ நான் நம்பல. மீன் எப்படி ஒருநாள் திடீர்னு புதுசா வரும்?

வந்துச்சு. 1952-ல.

ஜிலேபின்னு நாம சொல்றது திலேப்பியா. அதுல நம்ம ஆத்துக்கு முதல்ல வந்த இனத்துக்கு மொசாம்பிக் திலேப்பியான்னு பேரு. ஆப்பிரிக்காவோட தென்கிழக்குப் பகுதி ஆறுகள்ல வாழ்ற மீன். 1852-ல வில்ஹெல்ம் பீட்டர்ஸ்ங்கிற ஜெர்மன் விலங்கியலாளர் இதுக்கு அறிவியல் பேர் வச்சார். 1930-களோட கடைசியில இது இந்தோனேசியாவுல ஜாவா தீவுல தலைகாட்டுது. எப்படி வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. முஜாயிர்ங்கிறவர் கடலோரத்துல சில மீன்களைப் பிடிச்சு, கொஞ்சம் கொஞ்சமா நன்னீருக்குப் பழக்கி, குளத்துல வளர்த்தார். இன்னைக்கும் இந்தோனேசியாவுல அந்த மீனுக்கு அவர் பேருதான். இரண்டாம் உலகப்போர் சமயத்துல ஜப்பானியர் ஆட்சியில அது தென்கிழக்கு ஆசியாவுல பல இடங்களுக்குப் பரவுச்சு.

இப்போ 1950-களுக்கு வாங்க. சுதந்திரம் வாங்கின புதுசு. ரேஷன், பஞ்சம், முதல் ஐந்தாண்டுத் திட்டம். ஏழைகளுக்கு மலிவா புரதம் வேணும். அந்த நேரத்துல ஒரு மீன் கிடைக்குது: கிடைச்சதைத் தின்னும், உப்புத்தண்ணியும் தாங்கும், நல்ல தண்ணியும் தாங்கும், ரெண்டு மூணு மாசத்துலயே முட்டை போடும். அந்தக் காலத்து விஞ்ஞானிகளுக்கு இது வரமாத்தான் தெரிஞ்சிருக்கும். 1952-ல மண்டபத்துல இருந்த மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் மூலமா திலேப்பியா இந்தியாவுக்குள்ள வந்துச்சு. அங்கிருந்து தமிழ்நாட்டுக் குளங்களுக்கும் நீர்த்தேக்கங்களுக்கும் போச்சு.

இங்கதான் அந்த வாய் முக்கியமாகுது. கெண்டை மாதிரி மீன்கள் ஆயிரக்கணக்குல, லட்சக்கணக்குல முட்டை போட்டுட்டுப் போயிடும். பெரும்பாலானது வீணாகும். ஜிலேபி சில நூறு முட்டைதான் போடும். ஆனா தாய் அதை வாயில அள்ளிக்கிட்டு, மூணு வாரம் போல சரியா சாப்பிடாம சுமக்கும். குஞ்சு வெளியே நீந்தப் போனாலும், ஆபத்துன்னா திரும்ப வாய்க்குள்ள ஓடி வந்துடும். அதனால குஞ்சுகள்ல பெரும்பங்கு தப்பிக்கும். சின்ன வயசுல என்னை அசர வச்ச அந்தத் தாய்ப்பாசம்தான் அந்த மீன் ஜெயிச்ச டெக்னிக்.

சீக்கிரமே கணக்கு தப்புச்சு. குளத்துல கூட்டம் கூடக் கூட மீன் வளரல, விரல் அளவுலயே நின்னு முட்டை போட ஆரம்பிச்சுச்சு. கிலோ கணக்குல மீன் எதிர்பார்த்த இடத்துல, முள்ளும் செதிலுமா குட்டி மீன். கெண்டைக் குஞ்சு விட்ட குளங்கள்ல அதோட சாப்பாட்டுக்கும் போட்டி. 1959-ல, வந்து ஏழே வருஷத்துல, இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு திலேப்பியாவைப் பரப்பத் தடை போட்டுச்சு.

என் பாஷையில சொன்னா, டெஸ்ட் முடியுறதுக்குள்ள புரொடக்‌ஷன்ல ஏத்திட்டாங்க. ரோல்பேக் பட்டனே கிடையாது. அமராவதி அணையில பிடிபடுற மீன்ல பெரும்பங்கு திலேப்பியாதான்ங்கிற நிலைமை வந்துச்சு.

நம்ம தாமிரபரணியையே எடுத்துக்குங்க. 8 அணைக்கட்டு, 11 கால்வாய், அதுக்குக் கீழ ஒண்ணோட ஒண்ணு கோத்த குளங்கள். ஒரு குளம் மறுகால் பாய்ஞ்சா அடுத்த குளத்துக்குத் தண்ணி போகும். விவசாயத்துக்கு இதைவிட அழகான நெட்வொர்க் கிடையாது. உள்ளே வந்த மீனுக்கும் அதே வழிதான். தடை உத்தரவை மறுகால் படிக்குமா?

இதே பள்ளத்தாக்குல இன்னொரு மீன் இருக்கு. 1954-ல இ. ஜி. சைலஸ் அதுக்கு இந்த ஆத்தோட பேரையே வச்சார். டாக்கின்ஸியா தாம்ரபர்ணியை. உலகத்துல வேற எங்கயும் கிடையாது. இன்னைக்கு அது அழியும் ஆபத்துல இருக்குற இனம். காரணம் ஜிலேபி மட்டும்னு சொல்லிட முடியாது. அணை, மணல், சாக்கடைன்னு பட்டியல் நீளம். ஆனா ரெண்டு தேதியையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா உறுத்துது. ஆத்துல என்ன மீன் இருக்குன்னு நாம பேர் வச்சு முடிக்கிறதுக்கு முன்னாடியே, வெளியில இருந்து ஒண்ணைக் கொண்டுவந்துட்டோம்.

இதுல ஒரு வேடிக்கை. ஜிலேபி சிக்லிட் குடும்பம். நீங்க வாஸ்துக்கு வாங்குற ஃப்ளவர்ஹார்னும் ஏஞ்சலும் அதே குடும்பம்தான். இந்தியாவுக்குச் சொந்தமா சிக்லிட் இல்லாம இல்ல. மொத்தம் மூணு இனம். கேரளாவுல வாழை இலையில சுட்டுத் தர்ற கரிமீன் ஒண்ணு. கர்நாடகத்துல மட்டும் இருக்குறது ஒண்ணு. மூணாவது என் தொட்டியில இருக்குறது. இதுங்களோட நெருங்கின சொந்தக்காரங்க இருக்குறது மடகாஸ்கர்ல. என் ஆரஞ்சு குரோமைட்டுக்கு 1795-லயே பெர்லின்ல இருந்த மார்கஸ் ப்ளாக்ங்கிற டாக்டர் பேர் வச்சுட்டார். அவருக்கு நம்ம தரங்கம்பாடியில இருந்து ஜான்ங்கிற பாதிரியார் மீன்களைப் பதப்படுத்தி அனுப்பிக்கிட்டு இருந்தார். அந்த நன்றிக்கு ஒரு மீன் பேரினத்துக்கே ஜான் பேரை வச்சார் ப்ளாக்.

அதுக்காக ஜிலேபியைத் திட்டுறதுக்கு இந்த எபிசோட் இல்ல. மத்த மீன் விலைக்குக் கை எட்டாத வீடுகள்ல இன்னைக்கும் குழம்பு அதுலதான் கொதிக்குது. இலங்கையில பழைய ஏரிகள்ல மீன்பிடித் தொழிலே அதை நம்பித்தான் வளர்ந்துச்சு. 1952-ல கொண்டுவந்தவங்க வில்லன்கள் இல்ல. பசிக்குப் பதில் தேடினவங்க. அவங்க கேட்காம விட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: நாளைக்கு வேணாம்னா இதைத் திரும்ப எடுக்க முடியுமா?

அந்தக் கேள்விக்கு என் வாளியிலயும் பதில் இல்ல. நாட்டு மீனா இருந்தாலும், கடைத் தொட்டியில பல ஊர் மீன்களோட கலந்து வந்தது. எந்த நோயைச் சுமக்குதுன்னு எனக்குத் தெரியாது. எந்த ஊர் ஆத்துல இருந்து வந்த வம்சம்னும் தெரியாது.

வாளியைக் கீழ வச்சேன். தொட்டி வச்சிருக்குற நாலு நண்பர்களுக்குக் கொஞ்சம் கொடுத்தேன். ஒரு மீன் கடைக்காரர் கொஞ்சம் எடுத்துக்கிட்டார். பன்னிரண்டு என்கிட்ட இருக்கு. ஜோடியை நடுவுல கண்ணாடி வச்சுப் பிரிச்சுட்டேன். ரெண்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வந்து நிக்கும்போது சங்கடமாத்தான் இருக்கு. பரவால்ல, தொட்டிக்குள்ள நடக்குறதை நான் நாளைக்கு மாத்திக்கலாம்.

உங்க வீட்டுலயும் வளர்க்க முடியாம மீன் இருந்தா யாருக்காவது கொடுங்க, கடையில திருப்பிக் கொடுங்க. ஆத்துல மட்டும் விடாதீங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.