பைக்கில் ஆயில் கசியுதா? கியர் ஷாஃப்ட் சீலை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

காலையில் ஆபீஸ் கிளம்பும்போது பார்க்கிறீர்கள்: பைக் நின்ற இடத்தில், கியர் லிவருக்கு நேர் கீழே, ஆயில் கறை. உடனே 'என்ஜினையே இறக்கணுமோ?' என்று பயப்பட வேண்டாம். பல நேரங்களில் காரணம், நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு ரப்பர் வளையம்தான். லிஃப்ட் வேண்டாம், சென்டர் ஸ்டாண்டும் அரை நாள் பொறுமையும் போதும்.

ஆயில் சீல் என்பது என்ன?

கியர் லிவரைத் தாங்கும் ஷாஃப்ட் என்ஜினுக்குள் இருந்து வெளியே வருகிறது. ஷாஃப்ட் திரும்ப வேண்டும், ஆனால் ஆயில் வெளியே வரக் கூடாது. அதற்குத்தான் சீல். அதன் மெல்லிய ரப்பர் விளிம்பு ஷாஃப்ட்டை இறுக்கிப் பிடித்திருக்கும். சூட்டில் ரப்பர் விறைத்துப்போனால் கசிவு தொடங்கும்.

'நாலு சொட்டுதானே' என்று விடலாமா?

கூடாது. ஹீரோ ஸ்பிளெண்டர் போன்ற 100 சிசி பைக்கில் மொத்த என்ஜின் ஆயிலே சுமார் 1 லிட்டர்தான். ஆயில் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கும் இந்த வகை பைக்குகளில் பொதுவாகக் கிடையாது. கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டன் சிக்கி என்ஜின் சீஸ் ஆகலாம். அதைவிட ஆபத்து, ஆயில் பின் டயரில் படுவது. வளைவில் வழுக்கிவிடும்.

கசிவது எங்கே?

சீல் வாங்கும் முன் இதை உறுதி செய்யுங்கள். செயினுக்கு அடித்த லூப் தெறித்துக்கூட அந்த இடம் நனைந்திருக்கலாம். என்ஜின் ஆறிய பிறகு இடது பக்கத்தைப் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் கொண்டு கழுவி, நன்றாகக் காயவிட்டு, டால்கம் பவுடர் தூவுங்கள். 10 கி.மீ. ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். பவுடர் முதலில் நனைந்த இடம்தான் கசியும் இடம்.

என்னென்ன தேவை?

புது சீல், ஸ்பேனர் செட், பிளையர், குத்தூசி, இரண்டு சின்ன ஸ்க்ரூ, செலோ டேப், கிரீஸ், சீலின் வெளிவிட்டத்துக்குப் பொருந்தும் சாக்கெட் அல்லது பிவிசி பைப் துண்டு. சீலின் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் ஆகியவை மில்லிமீட்டரில் அச்சிடப்பட்டிருக்கும். மாடலைச் சொல்லி கம்பெனி பார்ட்டாகவே வாங்கி, இந்த எண்களைப் பழைய சீலோடு ஒப்பிடுங்கள்.

மாற்றும் முறை

1. சமதளத்தில் சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். ஆயில் மாற்றும் நேரம் நெருங்கியிருந்தால் முதலில் ஆயிலை வடித்துவிடுங்கள். இல்லையென்றால் கீழே ஒரு தட்டு வையுங்கள்.

2. லிவர் எந்த நிலையில் இருக்கிறது என்று மார்க்கரால் கோடு போடுங்கள். அதன் போல்ட்டை முழுசாக வெளியே எடுங்கள். தளர்த்தினால் மட்டும் லிவர் வராது. பிறகு ஸ்ப்ராக்கெட்டை மூடியிருக்கும் கவரைக் கழற்றுங்கள்.

3. பழைய சீல் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சீலின் முகத்தில் எதிரெதிரே இரண்டு இடத்தில் குத்தி, ஸ்க்ரூவை இரண்டு மூன்று சுற்று மட்டும் ஏற்றி, பிளையரால் மாறி மாறி இழுங்கள். டிரில் வேண்டாம், இரும்புத் தூள் உள்ளே போய்விடும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஷாஃப்ட்டில் கீறல் விழும். புது சீலும் கசியும்.

4. ஷாஃப்ட்டை நகத்தால் தடவிப் பாருங்கள். லேசான துரு என்றால் மென்மையான எமரி பேப்பர் போதும். தூள் உள்ளே போகாமல் துடைத்துவிடுங்கள். நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் சீல் மட்டும் மாற்றிப் பயனில்லை.

5. இதுதான் முக்கியமான கட்டம். ஷாஃப்ட் நுனியில் உள்ள பல் வரிகள் புது சீலின் விளிம்பைக் கிழித்துவிடும். அதனால் நுனியில் டேப் சுற்றி, விளிம்பில் கிரீஸ் தடவி நுழையுங்கள். ஸ்பிரிங் தெரியும் பக்கம் என்ஜினை நோக்கி இருக்க வேண்டும். சாக்கெட்டை வைத்து, கோணாமல், பழைய ஆழம் வரை மெல்லத் தட்டுங்கள்.

6. டேப்பை எடுத்துவிட்டு, கவரையும் லிவரையும் மாட்டி, மேனுவல் சொல்லும் அளவுக்கு ஆயில் ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டுப் பாருங்கள். இரவு அட்டை ஒன்றை அடியில் வைத்து, காலையில் மறுபடியும் பாருங்கள்.

எப்போது மெக்கானிக்கிடம் போக வேண்டும்?

மேக்னெட் பக்கத்து சீல் கசிந்தால் புல்லர் என்ற கருவி தேவை. வீட்டில் முயல வேண்டாம். சில மாடல்களில் சீலின் விளிம்பு என்ஜின் கேஸுக்கு உள்ளே பூட்டப்பட்டிருக்கும். சீல் அசையவே இல்லையென்றால் பலத்தைக் காட்டாமல் நிறுத்திவிடுங்கள். வாரன்டி இருந்தால் நேராக சர்வீஸ் சென்டர்தான்.

மாற்றியும் கசிந்தால்?

சீலைக் குறை சொல்லும் முன் பிரீதர் குழாயைப் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் சீல் வழியாகத்தான் வெளியே வரும். லிவரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது ஷாஃப்ட்டே ஆடினால், தேய்மானம் உள்ளே இருக்கிறது. அந்த நிலையில் எத்தனை சீல் மாற்றினாலும் நிற்காது.

கடைசியாக ஒன்று. வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். இந்தியாவின் 2016-ம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. பாட்டிலில் ஊற்றி, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.